கேஸை மட்டும் எண்ணாதீங்க: தட்டம்மை பரவும்போது ஊசி போட்டவங்க, போடாதவங்க ரிஸ்க்கை கணக்கு போடுறது எப்படி

2023 பிப்ரவரி மார்ச்ல இங்க சவுத் ஆப்பிரிக்கா முழுக்க 6 மாச குழந்தையிலேர்ந்து 15 வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்க வரைக்கும் தட்டம்மை ஊசி கேம்ப் நடந்துச்சு, அதுக்கு முன்னாடி 2022 அக்டோபர்ல லிம்போபோ பக்கம் ஆரம்பிச்ச தட்டம்மை ஒவ்வொரு மாகாணமா பரவிட்டு இருந்துச்சு. அந்த சமயத்துல டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் இருக்குற எங்க குடும்ப வாட்ஸாப் குரூப்ல ஒரு மெசேஜ்: "தட்டம்மை வந்த பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல ஊசி போட்டவங்க, அப்போ ஊசி எதுக்கு?" வீட்டுக்காரரோட அத்தை அதை எனக்கு தனியா அனுப்பி "இது நெசமா மா?"னு கேட்டாங்க. அவங்களுக்கு தமிழ் நாலஞ்சு வார்த்தைதான், அஞ்சு தலைமுறையா இங்க இருக்குற குடும்பம், ஆனா அந்த கேள்வியை மட்டும் தமிழ்ல கேட்டாங்க.

அந்த மெசேஜ்ல இருந்த எண்ணிக்கை சரியாவே இருக்கலாம். ஆனா அதுலேர்ந்து எடுத்த முடிவு தப்பு. ஏன்னு புரிஞ்சிட்டா இந்த வேலை முழுக்க புரிஞ்ச மாதிரி. நான் தென்காசி பக்கம், கல்யாணம் ஆகி டர்பன் வந்து இப்போ ஒரு ஹெல்த் வாலண்டியர் குரூப்ல லிஸ்ட் எழுதுறது, எக்ஸெல் போடுறதுனு பாத்துட்டு இருக்கேன். புதுசா சேர்றவங்களுக்கு நான் வாயால சொல்லிக் குடுக்குறதை அப்படியே இங்க எழுதுறேன், கணக்கு பயம் இருக்குறவங்களும் படிங்க, கூட்டல் வகுத்தல் தெரிஞ்சா முக்கால்வாசி முடிஞ்சுது.

முதல்ல வட்டம் போடுங்க

ஊர் முழுக்க எத்தனை கேஸ்னு தேடி ஓடாதீங்க. ஒரு வட்டம் போடுங்க, அந்த வட்டத்துக்குள்ள இருக்குற ஒவ்வொரு ஆளையும் உங்களால எண்ண முடியணும். ஒரு பிரைமரி ஸ்கூல், ஒரு கிரீச், ஒரு ஃபிளாட் பிளாக், இந்த மாதிரி. ஸ்கூல்னா ரெஜிஸ்டர் இருக்கும், அதுதான் தங்கம். நோய் வந்தவங்க லிஸ்ட் எல்லாரும் கொண்டு வந்து குடுப்பாங்க, நோய் வராதவங்க லிஸ்ட்டை யாரும் குடுக்க மாட்டாங்க, நீங்கதான் போய் எடுக்கணும், கணக்கு நிக்குறது அதுலதான்.

தேதியும் முடிவு பண்ணுங்க. முதல் கேஸுக்கு தடிப்பு வந்த நாள்லேர்ந்து, கடைசி கேஸ் வந்து புது கேஸ் இல்லாம போன நாள் வரைக்கும். ஏற்கனவே தட்டம்மை வந்து லேப்ல உறுதியான பிள்ளைங்களை வட்டத்துக்கு வெளிய வைங்க, அவங்களுக்கு இனிமே வராது, ரெண்டு பக்கமும் அவங்களை சேர்க்கக் கூடாது. 6 மாசத்துக்கு கீழ உள்ள கைக்குழந்தைக்கு ஊசி போடுற வயசே இல்ல, அவங்களை "போடாதவங்க"னு எழுதிட்டா கணக்கு கோணலாயிடும்.

எது கேஸ், எது கேஸ் இல்ல

காய்ச்சல், உடம்புல தடிப்பு, கூடவே இருமல், மூக்கு ஒழுகுறது, கண் செவந்து போறது இந்த மூணுல ஒண்ணு இருந்தா அது சந்தேக கேஸ். இங்க தட்டம்மை முதல் வகை அறிவிக்க வேண்டிய நோய், சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும், அதை நர்ஸோ டாக்டரோ செய்வாங்க, நீங்க செஞ்சாச்சானு மட்டும் கேட்டுக்கோங்க. ரத்தம் எடுத்து ஜோகானஸ்பர்க்ல இருக்குற தேசிய தொற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்புவாங்க, என்ஐசிடினு எல்லாரும் சொல்றது அதைத்தான். அங்க ஐஜிஎம் டெஸ்ட், அதாவது புதுசா வந்த தொற்றை எதிர்த்து உடம்பு உண்டாக்குற பொருளை ரத்தத்துல தேடுற டெஸ்ட், பாசிடிவ் வந்தா உறுதி.

லேப் ஏன் முக்கியம்னா, ருபெல்லாங்குற வேற ஒரு வைரஸ் நோயும் இதே மாதிரி தடிப்பா வரும். இந்த நாட்டு அரசாங்க ஊசி பட்டியல்ல 2024-லதான் ருபெல்லா சேர்ந்துச்சு, அது வரைக்கும் கிளினிக்ல போட்டது வெறும் தட்டம்மை ஊசி மட்டும். அப்போ தட்டம்மை ஊசி ஒழுங்கா போட்ட பிள்ளைக்கு ருபெல்லா வந்தா அது ஊசியோட தோல்வி இல்ல, வேற நோய். அதை தட்டம்மை கேஸ்னு நீங்க எழுதிட்டா ஊசியோட பலனை நீங்களே குறைச்சு காட்டுறீங்க.

இன்னொண்ணு, இது நம்ம ஆளுங்க விஷயம். தடிப்பு வந்தா சில வீட்டுல "அம்மா வந்திருக்கா"னு வேப்பிலை கட்டி, மஞ்சத்தண்ணி வச்சு, வெளிய யாருக்கும் சொல்லாம வீட்டுக்குள்ள வச்சுக்குவாங்க. அந்த நம்பிக்கையை குறை சொல்ற ஆள் நான் இல்ல, எங்க வீட்டுலயும் மாரியம்மனுக்கு கூழ் ஊத்துறோம். ஆனா கிளினிக் லிஸ்ட்டை மட்டும் பாத்தீங்கன்னா அந்த பிள்ளை உங்க கணக்குல வரவே வராது. ஸ்கூலுக்கு மூணு நாளைக்கு மேல வராத பிள்ளைங்க பேரை ரெஜிஸ்டர்லேர்ந்து எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அல்லது போன் பண்ணி, "தடிப்பு ஏதாச்சும் வந்துச்சா அக்கா"னு மரியாதையா கேளுங்க. ஊசி போட்ட வீட்டுலயும் போடாத வீட்டுலயும் ஒரே கேள்வி, ஒரே மாதிரி. ஒரு பக்கம் தோண்டித் தோண்டி கேட்டு இன்னொரு பக்கம் விட்டுட்டா அங்கயே கணக்கு சாஞ்சிடும்.

கார்டை கண்ணால பாருங்க

இதுல நான் கொஞ்சம் நேரம் எடுத்து சொல்றேன், ஏன்னா இங்கதான் அதிகமா தப்பு நடக்குது.

"ஊசி போட்டாச்சா?"னு கேட்டா எல்லா அம்மாவும் "ஆமா எல்லாம் போட்டாச்சு"னுதான் சொல்வாங்க. பொய் இல்ல, போலியோ சொட்டு, பிசிஜி எல்லாம் சேர்த்து ஞாபகம் வச்சிருப்பாங்க. இங்க ஒவ்வொரு குழந்தைக்கும் ஊசி விவரமெல்லாம் எழுதுற ரோடு டு ஹெல்த் புக்லெட் இருக்கும், அதைக் கேளுங்க. ஒரு வீட்டுல ஆயா ஒருத்தங்க "இருக்கு மா, வெயிட் பண்ணு"னு உள்ள போய் பூஜை அலமாரியிலேர்ந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துட்டு வந்தாங்க, மேல கற்பூர பாக்கெட், அடியில காவடி போட்டோ, அதுக்கும் அடியில புக்லெட். தொறந்தா கற்பூர வாசம். தட்டம்மை வரியில ரெண்டு கட்டம், முதல் கட்டத்துல தேதியும் பேட்ச் நம்பரும் கையெழுத்தும் தெளிவா, ரெண்டாவது கட்டத்துல சீல் மட்டும், தேதி தண்ணி பட்டு கரைஞ்சு போயிருந்துச்சு. அந்த பிள்ளைக்கு நான் என்ன எழுதுனேன்னா "1 டோஸ் உறுதி, 2-வது தேதி தெரியல". அப்புறம் கிளினிக் ரெஜிஸ்டர்ல பாத்து தேதி கிடைச்சுது. புக்லெட்டை போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க, தட்டம்மை வரி மட்டும் ஃபிரேம்ல வர்ற மாதிரி எடுங்க, முன்னாடி பக்கங்கள்ல வேற பல விஷயம் எழுதியிருக்கும், அதெல்லாம் நமக்கு தேவையில்ல.

பிள்ளையோட வயசை பாத்து எந்த அட்டவணைனு தெரிஞ்சுக்கோங்க. இங்க முன்னாடி 9 மாசம், 18 மாசம்னு போட்டுட்டு இருந்தாங்க, 2016 வாக்குல அது 6 மாசம், 12 மாசம்னு மாறுச்சு. பெரிய பிள்ளைங்க கார்டுல 6 மாசத்துல எதுவும் இல்லன்னு பதறாதீங்க. இந்தியாவுலேர்ந்து வந்த குடும்பம்னா அங்க 9 மாசத்துலயும் 16லேர்ந்து 24 மாசத்துக்குள்ளயும் போடுவாங்க, அது போக 2017 பிப்ரவரில தமிழ்நாட்டுல எம்ஆர் (தட்டம்மை, ருபெல்லா ரெண்டுக்கும் சேர்த்த) ஊசி கேம்ப் ஸ்கூல் ஸ்கூலா நடந்துச்சு, அதை நிறைய பேர் கார்டுல ஏத்தவே இல்ல. இங்க 2023 கேம்ப்லயும் அதே கதைதான், ஸ்கூல்ல வச்சு போட்டது, புக்லெட் அன்னிக்கு வீட்டுல இருந்திருக்கும். அதனால "கேம்ப்ல போட்டீங்களா"னு தனியா ஒரு கேள்வி வைங்க.

ஜூலு பேசுற குடும்பங்கள்தான் பல ஸ்கூல்ல அதிகம், ஜூலு நல்லா தெரிஞ்ச வாலண்டியர் ஒருத்தர் கூட வரணும். நீங்க உடைஞ்ச இங்கிலீஷ்ல கேட்டு அவங்க தலையாட்டுனதை "ஆமா"னு எழுதக் கூடாது.

அப்புறம் 14 நாள் விஷயம். ஊசி போட்ட உடனே பாதுகாப்பு வந்துடாது, உடம்பு தயாராக ரெண்டு வாரம் ஆகும். நான் ஆரம்பத்துல இந்த தப்பை பண்ணியிருக்கேன், தடிப்பு வர்றதுக்கு 5 நாள் முன்னாடி ஊசி போட்ட ஒரு பையனை "ஊசி போட்டும் வந்துச்சு"னு லிஸ்ட்ல ஏத்திட்டேன். கிருமி உள்ள போய் தடிப்பு வர சாதாரணமா ரெண்டு வாரம் ஆகும், அப்போ அவன் ஊசி போடும்போதே கிருமி உள்ள இருந்திருக்கு. கூட இருந்த நர்ஸ் அக்கா தேதியை பாத்துட்டு பென்சிலால வட்டம் போட்டு குடுத்தாங்க, அன்னியிலேர்ந்து ஊசி தேதி, தடிப்பு தேதி ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாள்னு தனி காலமே வச்சிட்டேன், நீங்களும் வைங்க. இன்னும் ஒரு சிக்கல், ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல நூறுல அஞ்சு பேருக்கு ஊசியாலயே லேசா தடிப்பு வரலாம், ஐஜிஎம்மும் பாசிடிவ் காட்டும். அது நோயா ஊசியானு பிரிக்க லேப்ல கிருமியோட மரபு வகையை பாக்கணும், அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த பிள்ளையை "முடிவாகல"னு வைங்க.

கடைசியா ஒவ்வொருத்தரும் நாலு கூடையில ஒண்ணுல விழணும்: 2 டோஸ், 1 டோஸ், 0 டோஸ், தெரியல. "தெரியல"வை "போடல"வோட சேர்க்காதீங்க. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருத்தர் சேர்த்துடுறாங்க.

இப்போ வகுத்தல், லேடிஸ்மித்லேர்ந்து

ஒரு நிஜ கணக்கு எடுத்துக்கலாம், இது நம்ம குவாசுலு-நட்டால் மண்ணுல நடந்தது. 1899 நவம்பர் 2-லேர்ந்து 1900 பிப்ரவரி 28 வரைக்கும் 118 நாள், பிரிட்டிஷ் படை உள்ள இருந்த லேடிஸ்மித் ஊரை போயர் படை (இங்க குடியேறுன டச்சு வம்சாவளிக்காரங்க படை) சுத்தி வளைச்சிருந்துச்சு. அந்த முற்றுகையை உடைக்க நடந்த சண்டைகள்ல அடிபட்டவங்களை ஸ்ட்ரெச்சர்ல தூக்குனது காந்தி சேர்த்த இந்தியன் ஆம்புலன்ஸ் கோர், சுமார் 1,100 பேர், அதுல 800 பேர் வாக்குல ஒப்பந்தக் கூலியா வந்தவங்க, தமிழ் பேசுறவங்க நிறைய. ஊருக்குள்ள குண்டோட சேர்த்து டைஃபாய்டும் ஆளுங்களை சாச்சுட்டு இருந்துச்சு. அப்போதான் ஆல்ம்ரோத் ரைட் கண்டுபிடிச்ச டைஃபாய்டு ஊசி புதுசு, விருப்பப்பட்ட சிப்பாய்ங்க மட்டும் போட்டுக்கிட்டாங்க.

ஊசி போட்டவங்க 1,705 பேர், அதுல டைஃபாய்டு வந்தது 35 பேருக்கு. போடாதவங்க 10,529 பேர், வந்தது 1,489 பேருக்கு.

ஒவ்வொரு பக்கமும் நோய் வந்தவங்களை அந்த பக்கத்து மொத்த ஆளால வகுங்க. 35 வகுத்தல் 1,705, அது 2.05%. 1,489 வகுத்தல் 10,529, அது 14.14%. இதுக்கு பேர் அட்டாக் ரேட், நூறு பேர்ல எத்தனை பேர் விழுந்தாங்கங்குறது.

அடுத்து போட்டவங்க ரேட்டை போடாதவங்க ரேட்டால வகுங்க: 2.05 வகுத்தல் 14.14, கிட்டத்தட்ட 0.145. இது ரிலேட்டிவ் ரிஸ்க். ஊசி போட்டவருக்கு இருந்த ஆபத்து, போடாதவருக்கு இருந்ததுல ஏழுல ஒரு பங்கு. அதை 1-லேர்ந்து கழிச்சா 0.855, அதாவது 85.5%, இதுதான் வேக்சின் எஃபெக்டிவ்னஸ். ரெண்டு ரேட்டையும் கழிச்சும் பாருங்க, 14.14 கழித்தல் 2.05, நூறுக்கு 12 பேர். அந்த நாலு மாசத்துல ஊசி போட்ட ஒவ்வொரு எட்டு பேர்லயும் ஒருத்தர் நோயிலேர்ந்து தப்பிச்சிருக்கார்னு அதை சொல்லலாம், வீட்டு ஆளுங்களுக்கு சதவீதத்தை விட இது சட்டுனு புரியுது.

ஆனா இங்க நிறுத்திடாதீங்க. 1904-ல கார்ல் பியர்சன்ங்குற புள்ளியியல் மேதை இந்த மாதிரி ராணுவக் கணக்கையெல்லாம் எடுத்து சந்தேகம் கிளப்புனார். விருப்பப்பட்டு ஊசி போட்டுக்கிட்டவன் இயல்பாவே ஜாக்கிரதையான ஆளா இருக்கலாம், தண்ணியை காய்ச்சி குடிச்சிருக்கலாம், அப்போ பலன் ஊசியோடதா அவனோட பழக்கத்தோடதா? அதுக்கப்புறம் 1915-ல கிரீன்வுட், யூல்னு ரெண்டு பேர் இதை ஒழுங்கா எழுதி வச்சாங்க. ரெண்டு குரூப்பும் மத்த விஷயத்துல ஒரே மாதிரி இருக்கணும், ரெண்டு குரூப்பும் நோய்க்கு ஒரே அளவு முகம் குடுத்திருக்கணும், அதாவது கிருமி படுற வாய்ப்பு ஒரே அளவு இருந்திருக்கணும், நோய் வந்துச்சாங்குற முடிவும் ஊசி போட்டாராங்குற முடிவும் ஒண்ணை பாத்து ஒண்ணு எடுத்ததா இருக்கக் கூடாது. நூறு வருஷம் தாண்டியும் அந்த மூணு கேள்வியைத்தான் நாங்க கேக்குறோம்.

வாட்ஸாப் மெசேஜுக்கு பதில்

இனி வர்றது பழகுறதுக்காக நான் வச்ச எண்கள், எந்த ஸ்கூலோடதும் இல்ல. 600 பிள்ளைங்க. 2 டோஸ் 480 பேர், கேஸ் 12. 1 டோஸ் 60 பேர், கேஸ் 6. 0 டோஸ் 30 பேர், கேஸ் 15. தெரியல 30 பேர், கேஸ் 4.

ஊசி நிலை தெரிஞ்ச கேஸ் 33. அதுல ஊசி போட்டவங்க 18, போடாதவங்க 15. "பாதிக்கு மேல ஊசி போட்டவங்க", மெசேஜ் சொன்ன அதே வரி. இப்போ வகுத்துப் பாருங்க. 2 டோஸ்ல 480-க்கு 12, அது 2.5%. 1 டோஸ்ல 60-க்கு 6, அது 10%. போடாதவங்கள்ல 30-க்கு 15, பாதி பேர், 50%. கேஸ் எண்ணிக்கையில பக்கத்து பக்கத்துல நின்ன 18-உம் 15-உம், ஒண்ணு 540 பேர்லேர்ந்து வந்தது, இன்னொண்ணு வெறும் 30 பேர்லேர்ந்து வந்தது. ஊசி போட்டவங்க கூட்டம் பெருசா இருந்தா அந்த பக்கத்துலேர்ந்து கொஞ்சம் கேஸ் வரத்தான் செய்யும், ஊசி நூத்துக்கு நூறு இல்ல. ஊர்ல எல்லாருமே போட்டிருந்தா வர்ற ஒவ்வொரு கேஸும் ஊசி போட்டவராத்தான் இருக்கும். அத்தைக்கு நான் இதை பேப்பர்ல ரெண்டு வட்டம் போட்டு, ஒரு பெரிய வட்டம் ஒரு சின்ன வட்டம், புள்ளி வச்சு காமிச்சேன், பாத்த உடனே "ஓ, பானை பெருசு"னாங்க. அதேதான்.

2 டோஸுக்கு ரிலேட்டிவ் ரிஸ்க் 0.05, எஃபெக்டிவ்னஸ் 95%. 1 டோஸுக்கு 80%. பொதுவா 12 மாசத்துக்கு மேல போட்ட ஒரு டோஸுக்கு 93%, ரெண்டு டோஸுக்கு 97% பக்கம் சொல்வாங்க, 9 மாசத்துல போட்ட ஒரு டோஸ்னா 85% பக்கம். உங்களுக்கு 40%னு வந்தா ஊசியை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி உங்க லிஸ்ட்டை சந்தேகப்படுங்க, அதுக்கப்புறமும் குறைவாவே இருந்தா ஊசி மருந்து வச்சிருந்த ஃபிரிட்ஜோட டெம்பரேச்சர் ரெக்கார்டை பாக்க சொல்லுங்க.

ருபெல்லா விஷயம் சொன்னேன்ல, இந்த 480 பேர்ல வேற தடிப்பு 12 சேர்ந்து 24னு எழுதிட்டா ரேட் 5% ஆகி, 95% எஃபெக்டிவ்னஸ் 90-க்கு இறங்கிடும். ஒரு சின்ன அலட்சியத்துக்கு இவ்வளவு.

எவ்வளவு நம்பலாம்

30 பேர் மட்டும் உள்ள குரூப்ல ஒண்ணு ரெண்டு கேஸ் மாறுனாலும் ரேட் ஆடும், அதனால ஒரே எண்ணை சொல்லாம ஒரு வரம்பு சொல்லணும், 95% கான்ஃபிடன்ஸ் இன்டர்வல். 2 டோஸ், 0 டோஸ் ரெண்டு பக்கத்து கேஸையும் மொத்த ஆளையும் வச்சு எக்ஸெல்ல இப்படி: 1/12 கழித்தல் 1/480 கூட்டல் 1/15 கழித்தல் 1/30, விடை 0.1146. அதுக்கு வர்க்கமூலம் 0.3385. அதை 1.96-ஆல பெருக்குனா 0.66. ரிலேட்டிவ் ரிஸ்க் 0.05-க்கு இயற்கை லாக் எடுத்தா மைனஸ் 3.00, அதுலேர்ந்து 0.66 கழிச்சு ஒண்ணு, கூட்டி ஒண்ணு, மைனஸ் 3.66, மைனஸ் 2.33. லாக்கை திருப்புனா 0.026, 0.097. அப்போ எஃபெக்டிவ்னஸ் 90%லேர்ந்து 97%க்குள்ள. ஒரே கிளாஸ் பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் ஒட்டிக்கிறதால நிஜ வரம்பு இதை விட கொஞ்சம் அகலமாத்தான் இருக்கும், அதையும் சொல்லிடுங்க.

"தெரியல" 30 பேரை என்ன பண்றது? ரெண்டு விதமா போட்டு பாருங்க. அத்தனை பேரும் போடாதவங்கன்னு வச்சா 60-க்கு 19, 31.7%, எஃபெக்டிவ்னஸ் 92%. அத்தனை பேரும் 2 டோஸ்னு வச்சா 510-க்கு 16, 3.1%, எஃபெக்டிவ்னஸ் 94%. ரெண்டு பக்கம் தள்ளுனாலும் 90-க்கு மேல நிக்குதுன்னா உங்க முடிவுக்கு கால் இருக்கு. விழுந்துட்டா திரும்ப கார்டு தேட கிளம்புங்க.

கிளாஸ் கிளாஸா பிரிங்க

கிரீன்வுட் யூல் கேட்ட ரெண்டாவது கேள்வி, ஒரே அளவு முகம் குடுத்தாங்களா? அதே ஸ்கூல்ல கிருமி கிரேட் 1, 2-லதான் நல்லா சுத்துச்சு, போடாத பிள்ளைங்களும் அங்கதான் அதிகம்னு வைங்க. கிரேட் 1, 2-ல 2 டோஸ் 160 பேர், கேஸ் 10, போடாதவங்க 24 பேர், கேஸ் 14. மத்த கிரேட்ல 2 டோஸ் 320 பேர், கேஸ் 2, போடாதவங்க 6 பேர், கேஸ் 1. கூட்டிப் பாருங்க, அதே 480-க்கு 12, 30-க்கு 15.

கிரேட் 1, 2-ல மட்டும் பாத்தா 6.25%க்கு எதிரா 58.3%, எஃபெக்டிவ்னஸ் 89%. மத்த கிரேட்ல 96% வருது, ஆனா அங்க ஒரே ஒரு கேஸை வச்சு நிக்குற எண், அதை பெருசா எடுத்துக்காதீங்க. ரெண்டையும் மேன்டல்-ஹென்ஸல் முறையில, அதாவது ஒவ்வொரு பிரிவோட அளவுக்கு ஏத்த எடை குடுத்து, சேர்த்தா 90%. மொத்தமா கலந்து போட்டப்போ 95%. நடுவுல இருக்குற அந்த 5% வித்தியாசம் ஊசியோட பலன் இல்ல, தள்ளி இருந்த கிளாஸ் பிள்ளைங்க கிருமியை பாக்கவே இல்லங்குற அதிர்ஷ்டம். ஊசிக்கு ஆதரவா வர்ற தப்பையும் நாமதான் பிடிக்கணும், இல்லன்னா நாளைக்கு யாரும் நம்ம எண்ணை நம்ப மாட்டாங்க.

இதுக்கு இன்னொரு வழி வீடு. ஒரே வீட்டுக்குள்ள எல்லாரும் ஒரே காத்தைத்தான் மூச்சு விடுறாங்க, எதிர்ப்பு சக்தி இல்லாதவங்க பத்துல ஒன்பது பேருக்கு ஒட்டிக்கிற நோய் இது. வீட்டுல முதல்ல விழுந்த பிள்ளையை கணக்குலேர்ந்து எடுத்துடுங்க, மீதி இருக்குறவங்கள்ல 7லேர்ந்து 21 நாளுக்குள்ள தடிப்பு வந்தவங்களை மட்டும் எண்ணி, போட்டவங்க போடாதவங்கன்னு பிரிச்சு அதே வகுத்தல் போடுங்க. வீடு கம்மியா கிடைச்சாலும் இந்த கணக்கு மேல எனக்கு தனி நம்பிக்கை உண்டு.

நடுவுல ஊசி போட்டா, ஆள் எண்ண முடியலன்னா

கேஸ் வந்த உடனே ஸ்கூல்லயே ஊசி போட ஆரம்பிப்பாங்க, போடவும் வேணும், கிருமி பட்ட 72 மணி நேரத்துக்குள்ள போட்டா நோயையே தடுக்கலாம். ஆனா காலையில "போடாதவன்" சாயங்காலம் "போட்டவன்" ஆயிடுறான். அப்போ ஆளை எண்ணாம நாளை எண்ணுங்க. ஊசிக்கு முந்தின நாளெல்லாம் போடாதவங்க கூடையில, ஊசி போட்டு முதல் 14 நாள் தனி கூடையில, 15-வது நாள்லேர்ந்து போட்டவங்க கூடையில. கேஸை எந்த கூடை நாள்ல வந்துச்சோ அங்க வச்சு, அந்த கூடையோட மொத்த நாளால வகுங்க.

வட்டமே போட முடியாத பெரிய ஊர்னா, கேஸ்ல எத்தனை பங்கு போட்டவங்க, ஊர்ல எத்தனை பங்கு போட்டவங்கங்குற ரெண்டு எண் போதும். நம்ம எண்ணை வச்சு, 1 டோஸ், தெரியல ரெண்டையும் ஓரமா வச்சிட்டு பாத்தா, கேஸ்ல போட்டவங்க 12, போடாதவங்க 15, அது 0.8. ஸ்கூல்ல போடாதவங்க 30, போட்டவங்க 480, அது 0.0625. பெருக்குனா 0.05, எஃபெக்டிவ்னஸ் அதே 95%. வேகமான வழிதான், ஆனா ஊர்க் கவரேஜ் எண், அதாவது ஊர்ல போட்டவங்க பங்கு, கொஞ்சம் தப்பா இருந்தாலும் விடை நகந்துடும், 94%க்கு பதிலா 97%னு வச்சு பாருங்க, ரிலேட்டிவ் ரிஸ்க் 0.05-லேர்ந்து பாதியா 0.025 ஆயிடும். அதனால இதை முதல் பார்வைக்கு மட்டும் வைங்க.

வெளிய சொல்லும்போது

ரிப்போர்ட்ல எப்பவும் நாலு எண்ணும் சேர்ந்து வரணும், போட்டவங்க எத்தனை, அதுல கேஸ் எத்தனை, போடாதவங்க எத்தனை, அதுல கேஸ் எத்தனை. சதவீதத்தை மட்டும் தனியா விட்டா அடுத்த வாட்ஸாப் மெசேஜுக்கு நீங்களே விறகு குடுத்த மாதிரி. ஸ்கூல் பேர், கிளாஸ் பேர் வெளிய வேணாம், 30 பேர்ல 15னு சொன்னா அந்த ஸ்கூல் வாசல்ல நிக்குற எல்லாருக்கும் யார் வீட்டு பிள்ளைன்னு தெரிஞ்சிடும். ஊசி போடாத அம்மாவை திட்டுற மாதிரி ஒரு வார்த்தை கூட எழுதாதீங்க, நான் பாத்த வரைக்கும் அதுல நிறைய பேர் எதிர்த்தவங்க இல்ல, டாக்ஸி காசு இல்லாம, வேலையில லீவு கிடைக்காம தேதி தவறுனவங்க, அவங்க அடுத்த வாரம் கிளினிக்குக்கு வரணும், நம்ம எழுத்தை பாத்து ஒளியக் கூடாது.

பேர் இருக்குற லிஸ்ட்டை பாஸ்வேர்ட் போட்டு ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல வைங்க, போன்ல எடுத்த புக்லெட் போட்டோவை எக்ஸெல்ல ஏத்துன அன்னிக்கே அழிங்க, "சமீபத்துல அழிச்சவை" ஃபோல்டர்லயும் போய் அழிங்க. அந்த ஆயா வீட்டுக்கு நான் திரும்பப் போனது ரெண்டாவது டோஸ் தேதியை புக்லெட்ல கிளினிக் சீலோட திரும்ப எழுதி வாங்கிக் குடுக்க, அதையும் உங்க வேலையில சேர்த்துக்கோங்க, கார்டுல ஏதாவது குறை பாத்தா சரி பண்ணி குடுத்துட்டு வாங்க, அடுத்து லிஸ்ட் எடுக்க வர்ற ஆளுக்கு ஒரு "தெரியல" குறையும்.